தெருவோடு குளிரும் வீடு

ஓர் ஊர் தன் சீதோஷ்ணத்தோடு எவ்விதம் இணங்கி வாழக் கற்றுக்கொண்டது என்பதை அறிய விரும்புவோர், அவ்வூரின் ஆலயங்களையும் அரசாங்க மாளிகைகளையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், சாமானிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, வியாபாரம் செய்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வீடுகளையும் அவ்வீடுகள் நிற்கும் தெருக்களையும் நிதானமாகக் கவனிக்க வேண்டும். அவ்விதக் கவனத்துக்கு மிகவும் உகந்த இடம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இத்தீவைக் கைக்கொண்டு, கடற்கரை ஓரத்துக் காட்டை அழித்து நேர்க்கோட்டுத் தெருக்களை வகுத்த நாள் முதலாக, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழரும், தென் சீனத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்களும், அண்டை நாடுகளிலிருந்து வந்த மலாய், அச்சே மக்களும் தத்தம் கட்டட வழக்கங்களை இங்கே கொணர்ந்தார்கள். அவை ஒன்றோடொன்று கலந்ததன் பலனாக, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இரண்டடுக்குக் கடைவீடு உருவாயிற்று. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ ஸ்தாபனம் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அதன் எல்லைக்குள் அமைந்த சுமார் 259 ஹெக்டேர் பரப்பில் பெரும்பகுதியை நிரப்பி நின்றவை இந்தக் கடைவீடுகளே.

இக்கடைவீட்டின் அழகைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். அதன் அழகுக்குக் காரணமாயிருக்கும் பௌதிக சாஸ்திரத்தைப் பற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் சாஸ்திரத்தின் சாரம் இதுதான்: இந்த வீடு தனியே குளிர்வதில்லை; பக்கத்து வீட்டோடும், எதிர் வரிசையோடும், நடுவே கிடக்கும் தெருவோடும் சேர்ந்தே அது குளிர்கிறது.

முதலில் நமது சரீரத்தின் நிலைமையைக் கருதுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு உஷ்ணத்தை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த உஷ்ணம் வெளியே போயே ஆக வேண்டும். போகாவிட்டால் உடலின் சூடு ஏறிவிடும். குளிர் தேசங்களில் தோலுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள உஷ்ண வித்தியாசமே இவ்வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் பகல் வேளைகளில் 31, 32 டிகிரி வரையில் ஏறி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே அதிகமாக இறங்காத பினாங்கில், தோலின் சூடு சுமார் 34 டிகிரியாக இருக்கையில், அந்த வித்தியாசம் மிகச் சொற்பமாகி, வியர்வை ஆவியாகும் வழி ஒன்றே பிரதானமாக மிஞ்சுகிறது. ஒரு கிராம் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்கு 150 கிராம் வியர்வை முழுவதும் ஆவியானால் போதும், ஓய்ந்திருக்கும் உடலின் உஷ்ணம் அனைத்தும் நீங்கிவிடும். எனினும், காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊரில், தோலைச் சூழ்ந்த காற்றுப் படலம் சீக்கிரமே நீராவியால் நிறைந்துவிடுகிறபடியால், வியர்வை உலராமல் வழிகிறது. அந்தப் படலத்தை அகற்றிப் புதிய காற்றைக் கொணர்ந்துகொண்டே இருந்தால்தான் உடல் குளிரும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்ல வீசும் காற்று, உஷ்ணமானி காட்டும் அளவு சிறிதும் மாறாதபோதும், இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிட்டதைப் போன்ற சுகத்தை நமக்கு அளிப்பது இக்காரணத்தாலேயே. ஆகவே பினாங்கில் வீடு கட்டுகிறவன் முன்னே இரண்டு கடமைகள் நிற்கின்றன: வெயிலை வெளியே நிறுத்த வேண்டும், காற்றை உள்ளே நடமாட விட வேண்டும்.

வெயில் எத்திசையிலிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. ஜார்ஜ் டவுன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை சூரியன் இந்நகரத்தின் உச்சிக்கு நேராக வந்து நிற்கிறான்; ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியனின் உயரம் 60 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே இங்கே பகலின் கடும் வெயிலைத் தாங்குவது கூரை. காலையும் மாலையும் சாய்ந்து வரும் கிரணங்கள் மட்டுமே சுவர்களைத் தாக்குகின்றன. இவ்வுண்மையைக் கடைவீட்டின் வடிவத்தோடு பொருத்திப் பார்த்தால் அதன் சூட்சுமம் புலப்படும். ஆறு மீட்டர் அகலமும், முப்பது மீட்டர் நீளமும், எட்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு வீடு வெட்டவெளியில் தனித்து நின்றால், அதன் நான்கு சுவர்களின் பரப்பு 576 சதுர மீட்டராகும். அதே வீடு வரிசையில் ஒட்டி நிற்கும்போது, இரு பக்கத்து நெடுஞ்சுவர்களையும் அண்டை வீடுகள் மறைத்துக்கொள்வதால், வெயில் படக்கூடியது முன்புறமும் பின்புறமுமாக 96 சதுர மீட்டர் மாத்திரமே, அதாவது ஆறில் ஒரு பங்கு. அண்டை வீட்டுக்காரர் தமக்கு வீடு கட்டிக்கொண்டபோதே நமக்கும் நிழல் கட்டிக் கொடுத்துவிடுகிறார். நாமும் அவருக்கு அவ்வாறே செய்கிறோம்.

கூரைக்கோ இத்தகைய துணை கிடையாது. மேகமற்ற நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையின்மீதும் ஏறத்தாழ ஆயிரம் வாட் சக்தி விழுகிறது. மேற்சொன்ன வீட்டின் கூரை முழுவதையும் சேர்த்தால், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நூற்றெண்பதை ஒரே வேளையில் தலைக்கு மேல் சூடேற்றி வைத்ததற்கு அது சமானம். இதைச் சமாளிக்க முன்னோர் கைக்கொண்ட உபாயம், ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிய மெல்லிய செம்மண் ஓடுகள். ஓடுகளுக்கு இடையிலுள்ள கணக்கற்ற சிறு சந்துகளின் வழியே உஷ்ணக் காற்று கசிந்து மேலே போய்விடும். மேலும், மெருகிடாத மண் ஓடு மழைநீரைத் தன் நுண்துளைகளில் வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் அதை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. மாதந்தோறும் மழை காணும் ஊரில் இது சிறிய நன்மையன்று. இந்த ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரத்தைப் பரப்பியவர்கள், பழுது பார்க்கும் செலவு மிச்சமாயிற்று என்று எண்ணினார்கள். ஆனால் கூரை வழங்கிவந்த காற்றோட்டமும் ஈரமும் அன்றே நின்றுபோயின.

அடுத்து, சுவர். ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கற்சுவரின் வெளிமுகத்தில் பட்ட உஷ்ணம் உள்முகத்தை எட்டுவதற்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கிறது. நண்பகல் வெயில் உள்ளே வந்து சேரும்போது மாலை மயங்கிவிடும். வெளிக்காற்றும் தணியத் தொடங்கிவிடும். சுவரின்மேல் பூசிய சுண்ணாம்போ இன்னும் நுட்பமான காரியத்தைச் செய்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கடற்சிப்பியையோ சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு பிரிந்து நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீரில் நீற்றிச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக மீண்டும் உட்கொண்டு, பழையபடி கல்லாகிறது. இவ்விதம் இறுகிய பூச்சில் நீராவி போய்வருவதற்கு வேண்டிய நுண்துளைகள் இருக்கும். ஜார்ஜ் டவுனில் இது அத்தியாவசியமான குணம். இந்நகரத்தின் பீச் தெரு ஒரு காலத்தில் உண்மையாகவே கடலை ஒட்டிக் கிடந்தது. 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்னும் துறைமுக வீதியை அமைத்தபிறகே கடல் அப்பால் விலகியது. இத்தகைய நிலத்தில் உப்புக் கலந்த நிலத்தடி நீர் ஆழமின்றி இருக்க, செங்கல் அதைத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேல்நோக்கி இழுக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடுகிறது. அப்படி ஆவியாகும்போது சுவர் சற்றே குளிரவும் செய்கிறது. சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினால், வெளியேற வழியின்றி ஈரம் சுவருக்குள்ளேயே மேலும் மேலும் ஏறி, உப்புப் படிகமாகித் திரண்டு, செங்கல்லைப் பொடிப் பொடியாக உதிர்க்கிறது. உறுதிக்கென்று செய்த காரியம் சுவரின் ஆயுளையே குறைத்துவிடுகிறது. சுவரோ அடுத்த வீட்டுக்கும் பொதுவானதாகையால், அந்த ஈரம் எல்லை அறியாமல் அங்கேயும் போய்ச் சேருகிறது.

இனி, காற்றின் வழி. இரு பக்கமும் ஜன்னல் வைக்க இயலாத முப்பது மீட்டர் நீள வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டுப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இதன் விடை உடனே தெரியும்: முற்றம். செட்டிநாட்டு வளவுகளிலும், தென் சீனத்து வீடுகளிலும் தனித்தனியே வளர்ந்த இந்த யோசனை, பினாங்கில் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டது. கூரையைச் சதுரமாகத் திறந்துவிட்ட அந்த முற்றத்தில் சூடான காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப முன்வாசல் வழியாகவும் பின்கட்டு வழியாகவும் புதிய காற்று உள்ளே வருகிறது. இந்த விசை பெரிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மீட்டர் உயரத்தில் உள்ளும் புறமும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் உண்டாகும் அழுத்தம் ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. நீர் மட்டத்தில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பாகத்தைக்கூட அது உயர்த்தாது. ஆனாலும் வழியில் தடை இல்லாவிடில், அதுவே வினாடிக்கு அரை மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றை நகர்த்தப் போதுமானது. ஆகையினால்தான் கடைவீட்டில் எந்தத் தடுப்பும் முழுத் தடுப்பாக இருப்பதில்லை. முன்கதவுக்கு முன்னே இடுப்பளவில் ஒரு பாதிக் கதவு, ஜன்னல்களில் சாய்வான பலகைகள், அவற்றுக்கு மேலே சுதைவேலை செய்த காற்றுத் துவாரங்கள், அறைச்சுவர்கள் கூரையைத் தொடாமல் நிற்கும் இடைவெளி ஆகிய அனைத்தும் பார்வையை மறைத்து, மழையைத் தடுத்து, காற்றை மட்டும் விடுகின்றன. லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்சே என்னும் சீன வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய நீல மாளிகையில் இத்தத்துவம் பேருருக் கொண்டிருக்கிறது: 38 அறைகளுக்கு ஐந்து முற்றங்களும் 220 ஜன்னல்களும் அங்கே உண்டு. அதன் நீல நிறமும் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியதே. பினாங்குத் தெருவில் நகரத்தார் கைப்பெட்டியும் கணக்கேடுமாக வரிசையாக அமர்ந்து லேவாதேவி செய்த கிட்டங்கிகளின் நீண்ட கூடங்களும், இதே காற்று வழியை நம்பியே பகல் முழுதும் மின்விசிறியின்றி இயங்கிவந்தன.

ஆனால் முன்வாசல் வழியே வரும் காற்று எப்படிப்பட்ட காற்று என்பதைத் தீர்மானிப்பது வீடன்று, தெரு. மண்ணைவிடப் பல மடங்கு உஷ்ணத்தைத் தாங்கிக்கொள்ளவல்ல கடல், பகலில் நிலத்தைவிட மெதுவாகவே சூடேறுகிறது. ஆதலால் நிலத்தின்மீது எழும் உஷ்ணக் காற்றின் இடத்துக்குக் கடற்காற்று வந்து சேர்கிறது. இரவில் இந்த ஓட்டம் திசை மாறி, மேற்கே ஏறத்தாழ 830 மீட்டர் வரையில் உயர்ந்து நிற்கும் பினாங்கு மலைத்தொடரிலிருந்து குளிர்ந்த காற்று நகரத்தை நோக்கி இறங்குகிறது. கடலிலிருந்து உள்நோக்கி ஓடும் மார்க்கெட் தெரு, சர்ச் தெரு, சூலியாத் தெரு முதலியவை இந்தக் காற்றுக்கு இயற்கையான வாய்க்கால்களாக அமைந்துவிட்டன. அந்த வாய்க்காலின் இரு கரைகளிலும் இருப்பதுதான் இவ்வூர் மக்கள் நாவில் வழங்கும் ஐந்தடி. மாடிக்குக் கீழே, கடைக்கு முன்னே, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தொடர்ந்து செல்லும் அந்த நடை, 1822ஆம் ஆண்டில் கம்பெனி அதிகாரியான ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் மற்ற நீரிணைக் குடியேற்ற நகரங்களிலும் பரவிய ஏற்பாடாகும். வீட்டுக்காரர் தம் நிலத்தில் ஒரு பகுதியை ஊராருக்கு விட்டுக்கொடுக்கிறார்; அதன் பலனாக ஊரில் நடப்பவர் எவரும் வெயிலில் வாடாமலும் மழையில் நனையாமலும் போக முடிகிறது. பௌதிக ரீதியாகப் பார்த்தால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. ஐந்தடியின் நிழல் கடையின் முன்சுவரை வெயில் தீண்டாமல் காக்கிறது. அந்நிழலில் தங்கிய காற்று நடுத்தெருக் காற்றைவிடத் தணிந்ததாக இருந்து, அதுவே முற்றத்தின் இழுப்புக்கு உள்ளே போகிறது. குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலைச் சுற்றி, மாலை கட்டுவோரும், மசாலை விற்போரும், துணிக்கடைக்காரரும் தலைமுறைகளாக ஐந்தடியையே பாதிக் கடையாகக் கொண்டு பிழைத்ததற்கு, அந்தத் தணிவும் ஒரு காரணம்.

இந்த ஒழுங்கு எவ்விதம் குலைகிறது என்பதையும் இதே சாஸ்திரம் நமக்கு விளக்குகிறது. ஐந்தடியை ஒருவர் பலகை வைத்து அடைத்தால், நடப்பவர் வெயிலில் இறங்குகிறார். காற்று வரும் வாயும் குறுகுகிறது. முற்றத்துக்கு ஒருவர் கண்ணாடிக் கூரை போட்டால், எழும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமற்போவதோடு, உள்ளே புகுந்த ஒளி உஷ்ணமாக மாறி அங்கேயே அடைபடுகிறது. அதன் பிறகு அறையைக் குளிர்விக்கும் குளிர்சாதனப் பெட்டி தவிர வேறு கதியில்லை. அந்தப் பெட்டியின் வரலாறு சிந்திக்கத் தக்கது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்க எஞ்சினியரான வில்லிஸ் கேரியர், புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி அச்சு விலகிப்போவதைத் தடுப்பதற்காகவே அதை முதலில் அமைத்தார். மனிதருக்கு அது செய்த உபகாரம் பெரிது. நோயாளிக்கும் முதியோருக்கும் உயிர் காக்கும் துணை அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது உஷ்ணத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறையிலிருந்து மூன்று பங்கு உஷ்ணத்தை வெளியேற்ற அது ஒரு பங்கு மின்சக்தியை உண்ணுமானால், தெருவில் கொட்டுவது நான்கு பங்கு. பின்சந்தில் வரிசையாகத் தொங்கும் பெட்டிகள் அனைத்தும் இவ்வாறு கொட்டும்போது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்த வீட்டுக்குள் அந்த அனல் நுழைகிறது. அந்த வீட்டுக்காரரும் ஜன்னலை மூடிவிட்டு ஒரு பெட்டியை வாங்குகிறார். நகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட, முக்கியமாக இரவில், உஷ்ணமாக இருப்பதை 1818ஆம் ஆண்டிலேயே லண்டனின் சீதோஷ்ணத்தைப் பற்றிய தம் நூலில் லூக் ஹோவர்ட் பதிவு செய்தார். அவர் காலத்தில் கணப்பு அடுப்புகள் செய்த வேலையில் ஒரு பகுதியை, நம் காலத்தில் குளிர்சாதனப் பெட்டிகளே செய்கின்றன.

பழைய நகரத்தை விட்டு ஜனங்கள் குடிபெயர்ந்ததும் இக்கதையின் ஒரு பகுதியே. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, அதன் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றிலும் நீங்கியபோது, குறைந்த வாடகையில் கடைவீடுகளில் குடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. அதற்கு முன்பிருந்தே ஜெலுத்தோங், குளுகோர், ஆயர் ஈத்தாம் முதலிய புறநகர்ப் பகுதிகளில் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பேட்டைகள் எழுந்து, ஒரு காரை நிறுத்த முன்புறத்தில் சிமெண்டுத் தளமும், முற்றமில்லாத அறைகளும் கொண்ட வரிசை வீடுகள் பெருகிவந்தன. சுகாதார வசதியிலும் தனிமையிலும் அவை மேலானவை என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கடைவீட்டின் ஒட்டுச்சுவரை மாத்திரம் எடுத்துக்கொண்டு, முற்றத்தையும் ஐந்தடியையும் விட்டுவிட்டமையால், நடு அறை இருளிலும் புழுக்கத்திலும் கிடக்கிறது. முன்னும் பின்னும் இருந்த மண்ணைச் சிமெண்டு மூடிவிட்டமையால், மழைநீர் ஆவியாகிக் குளிர்விக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

நம்மவர் பலர் குடியேறியிருக்கும் ஆஸ்திரேலிய நாட்டிலும் இதே பாடம் வேறு உருவில் காணப்படுகிறது. அங்கே குவீன்ஸ்லாந்து மாகாணத்தில், நமது கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டைப் போலத் தூண்கள்மேல் உயர்த்தி, சுற்றிலும் தாழ்வாரம் வைத்துக் கட்டிய பழைய மரவீடுகள், காற்றை அடியிலும் நடுவிலும் ஓடவிட்டுக் குளிர்ந்து நின்றன. பின்னாளில் எழுந்த புறநகர் வீடுகளிலோ மரச்சட்டத்துக்கு வெளியே ஒற்றைச் செங்கல் உறை போர்த்தப்பட்டது. உஷ்ணத்தைத் தாமதப்படுத்தவல்ல செங்கல் அறையின் பக்கம் இல்லாமல் வெயிலின் பக்கம் நிற்கிறபடியால், அறைக்கு அதனால் கிட்டும் நன்மை சொற்பமே. கருநிறக் கூரைகளும், மரம் வளர இடமில்லாத சிறு மனைகளும் சேர்ந்தால் உஷ்ண அலையின் கொடுமை இன்னும் கூடுகிறது. சிட்னியின் மேற்குப் புறநகரான பென்ரித்தில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் ஒரு வீட்டார் மட்டும் தம் சுவருக்குள் எவ்வளவு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாலும் போதாது. தெருவில் மரநிழலும், கூரைகளில் வெளிர் நிறமும் பொதுவில் இருந்தாக வேண்டும்.

ஆகவே பினாங்கில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் புதிய தாமானைத் திட்டமிடுகிறவர்களும் ஒரே கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்வது நலம்: இந்த மாற்றத்தால் எனது அறைக்குக் கிட்டும் குளிர்ச்சி, அடுத்த வீட்டின் கணக்கில் உஷ்ணமாக எழுதப்படுகிறதா? முற்றத்தைத் திறந்து வைப்பதும், சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவதும், கூரையில் ஓடுகளை மீண்டும் வேய்வதும், ஐந்தடியை அடைக்காமல் விடுவதும், வாசலில் ஒரு சாண் மண்ணையாவது சிமெண்டிடாமல் வைத்து மரம் நடுவதும், தனித்தனியே சிறு காரியங்கள். ஒரு தெரு முழுவதும் செய்தால் அத்தெருவின் உஷ்ணமே மாறும். இன்று கட்டட விதிகள் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே அளந்து அனுமதி வழங்குகின்றன. காற்றும் நிழலும் ஈரமும் மனை எல்லையைக் கடந்து நடப்பவை என்பதால், ஒரு வரிசையையோ ஒரு தெருவையோ முழுமையாக எடுத்துக்கொண்டு, அதன் நிழலையும் காற்று வழியையும், அதன் பெட்டிகள் வெளியே கொட்டும் உஷ்ணத்தையும் சேர்த்து அளக்கும் விதி வேண்டும். ஐந்தடியைக் கட்டாயமாக்கிய பழைய சட்டம் இவ்வகை விதி சாத்தியம் என்பதற்கு இரு நூற்றாண்டுச் சான்று. அன்று வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் வேண்டுமென்று, தனி மனிதரின் நிலத்திலிருந்து ஐந்தடி கேட்க நகரம் தயங்கவில்லை; உஷ்ணம் ஏறிக்கொண்டே வரும் இக்காலத்தில் அதற்கு நிகரான துணிவு நகரசபைகளுக்கும் வேண்டும், அதற்கு இணங்கும் நல்ல மனம் வீட்டுக்காரர்களுக்கும் வேண்டும்.